கோவிந்தப்பனுக்கு வராத சிவப்புப் புள்ளி

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளி நிரம்பித் தண்ணீர் வழிந்தோடுவதைக்கூடக் கவனிக்காமல், கோவிந்தப்பன் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கிறார். "குட் மார்னிங் ஆல். மை நேம் இஸ் கோவிந்தப்பன்." இந்த இடத்தில் ஒரு பெரிய நிறுத்தம். சொந்தப் பெயரைச் சொன்னதுமே மூச்சு வாங்குவது அவர் வழக்கம். கைப்பேசி சோப்பு டப்பாவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கூடத்தில் பேசினால் குரல் பிசிறடிக்கிறது, குளியலறையில் பேசினால் கணீரென்று கேட்கிறது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. வெளியே அவர் மனைவி அருணா கதவைத் தட்டுகிறாள். "இன்னா மாமா, குளிக்கறியா, மீட்டிங்கு போடறியா? கம்பெனி பஸ்சு உனுக்காக நிக்காது."

கோவிந்தப்பனுக்கு நாற்பத்தாறு வயது. தலைக்குச் சாயம் போடுகிறவர் மீசையை மட்டும் நரைத்தபடி விட்டுவைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "மீச சீனியருப்பா, அதுல கைய வெக்கக் கூடாது" என்பார். தளிப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கோசு அறுத்து, தக்காளி பறித்து வளர்த்த பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டுக்கு வந்தவர், இருசக்கர வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் நுழைந்து, அங்கேயே ஊறிப்போய்விட்டார். மத்திகிரியில் இரண்டு அறை வீடு. மகள் ஹரிணி பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள்.

அவருக்குப் பாஷை வராது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. ஆனேக்கல்லிலிருந்து வருகிற கன்னடக்காரரைப் பார்த்தால் "ஊட்டா ஆய்த்தா?" ஆந்திராவிலுள்ள குப்பம் ஊர்க்காரரிடம் "தின்னாவா?" ஒடிசாப் பையன்களிடம் "கானா காயா?" எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதான், சாப்பிட்டாயா என்று. அதைக் கேட்டுவிட்டால் அவருக்கு மீதிப் பேச்சு தானாக வந்துவிடும். இங்கிலீஷில்தான் வண்டி கிளம்ப மறுக்கிறது. "அதுல எவனும் சாப்டியான்னு கேக்க மாட்றான். அப்பறம் எங்கேர்ந்து பேச்ச ஆரம்பிக்கறது?" என்று அவர் கேட்பது விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார்.

கம்பெனியில் அவர் வேலை குற்றம் கண்டுபிடிப்பது. கடைசிச் சோதனை மேசையில் நிற்பார். தட்டுத் தட்டாக வந்து சேரும் உதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் கட்டைவிரலால் விளிம்பைத் தடவுவார். பிசிறு இருந்தால் அந்த விரலுக்கு அப்போதே தெரிந்துவிடும். பிறகுதான் அளவு பார்க்கிற கேஜ். சரியாக இருந்தால் பச்சைத் தட்டு. இல்லையென்றால் சிவப்புப் பெட்டி. பிரேக் சாமான் என்பதால் அந்த லைனில் திருத்தி அனுப்புகிற பேச்சே கிடையாது. சிவப்புப் பெட்டி கோயில் உண்டியல் மாதிரி மேலே ஒரு வாய், பக்கத்தில் ஒரு பூட்டு. உள்ளே விழுந்ததை யாரும் திரும்ப எடுக்க முடியாது. ஷிப்ட் முடிந்ததும் நசுக்கிக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். "செவப்புன்னா செத்துது" என்பது லைனுக்கே தெரிந்த அவருடைய வாக்கு.

அவர் யாரையும் திட்ட மாட்டார். பெட்டிக்குள் சாமான் 'டங்' என்று விழும், அதைச் செய்த ஆளை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு வசவு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று பையன்கள் புலம்புவார்கள். பழைய ஷிப்ட் இன்சார்ஜ் வேலையை விட்டுப் போனதிலிருந்து அந்தப் பொறுப்பையும் இவரே பார்க்கிறார். ஆளைப் பிரித்துவிடுவது, லீவு கொடுப்பது, மெஷின் மக்கர் செய்தால் ஆள் கூப்பிடுவது எல்லாம் இவர்தான். பட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.

வராமல் போனதற்குக் காரணம், புனேயிலிருந்து வந்திருக்கும் புதிய பிளான்ட் ஹெட். அவருக்குத் தமிழ் தெரியாது, கன்னடமும் தெரியாது. தினமும் காலையில் ஷிப்ட் இன்சார்ஜ் அவர் முன்னால் நின்று, நேற்று என்ன ஓடியது, எது நின்றது, ஏன் நின்றது என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இப்போதைக்கு கோவிந்தப்பன் தமிழில் சொல்கிறார், பக்கத்தில் நிற்கும் மோகன்குமார் இங்கிலீஷாக்கிச் சொல்கிறான். மோகன்குமார் டிப்ளமோ படித்தவன், மெஷின்களுக்குச் செட்டிங் பார்ப்பவன், கெட்டிக்காரன், வந்து சில வருஷம்தான் ஆகிறது. பேச்சுப் பயிற்சியில் தேறுகிறவருக்குத்தான் பட்டம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கோவிந்தப்பன் தேறவில்லையென்றால் மோகன்குமார் இன்சார்ஜ். அப்புறம் லீவுக்கு இவர் அவனிடம்தான் போய் நிற்க வேண்டும்.

பயிற்சி என்றால் வகுப்பு இல்லை. பயிற்சிப் பிரிவில் இருக்கும் நிர்மலா மேடம் எல்லோருடைய கைப்பேசியிலும் ஓர் ஆப்பை ஏற்றிவிட்டார். நான்கு பேர் ஒரு குழு. தினமும் ஒரு தலைப்பு வரும். அதைப் பற்றி ஒரு நிமிடம் இங்கிலீஷில் பேசி அனுப்ப வேண்டும். குழுவில் உள்ள மற்ற மூவரும் கேட்டுவிட்டு, இலக்கணம் தவறிய இடத்தில் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று தங்கள் குரலில் பேசி வைப்பார்கள். வாத்தியார் கிடையாது. கூட வேலை செய்கிறவர்களே ஒருவர் பேச்சை ஒருவர் சரிசெய்துகொள்கிற ஏற்பாடு. கோவிந்தப்பன் குழுவில் மோகன்குமார், ஸ்டோர்ஸில் இருக்கும் சுசித்ரா, பிறகு அனுப்ரியா. அனுப்ரியா இவர் லைனிலேயே மெஷின் ஓட்டுகிற பெண். சாமல்பட்டிக்காரி, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள்.

ஆப்பைப் பற்றி விளக்கிய கூட்டத்தில் கோவிந்தப்பன் பாதிவரை இருந்தார். பேசுவது எப்படி, அனுப்புவது எப்படி, பிடிக்கவில்லையென்றால் அழிப்பது எப்படி என்பதுவரை கேட்டுக்கொண்டார். அதற்குள் மெஷின் ஒன்று நின்றுபோய்விட்டதென்று ஆள் வந்து கூப்பிட, எழுந்து போய்விட்டார். மீதியைச் சொல்லித்தர அவரும் யாரையும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்கள்.

முதல் பேச்சை அனுப்பிய மறுநாள் பார்த்தால், அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. கோவிந்தப்பனுக்குச் சுருக்கென்றது. சிவப்பு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே! புள்ளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினார், பேச்சு போயேபோய்விட்டது. குளியலறைக்குப் போய்ப் புதிதாக ஒன்று பேசி அனுப்பினார். அதற்கும் சிவப்பு. அதையும் தூக்கிப் போட்டார். இப்படியே கொஞ்ச நாள். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிவப்பு வருவது நின்றே போய்விட்டது. எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம், கும்பிட்ட கைப் படம், "சூப்பர் அண்ணா". கோவிந்தப்பன் கைப்பேசியை அருணாவிடம் நீட்டிக் காட்டினார். "பாத்தியா? ஒரே மாசம். சுத்தமாயிடுச்சு." மகளுக்கும் ஒரு பேச்சை அனுப்பிவைத்தார். அவளும் "சூப்பர்ப்பா" என்றுதான் பதில் போட்டாள்.

இந்தச் சந்தோஷத்தில் இருந்த மனிதரைத்தான் ஒரு நாள் நிர்மலா மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டு, மிகவும் தயங்கி, நீங்கள்தான் சார் எல்லோருக்கும் கடைசியில் இருக்கிறீர்கள் என்றார். கோவிந்தப்பன் திருதிருவென விழித்தார். எல்லோரும் சூப்பர் என்றுதானே போட்டிருக்கிறார்கள், ஒரு தப்புகூட இல்லையே என்று கேட்டார். அந்த மேடம் பொறுமையாகத்தான் விளக்கினார். முதலில் பேசியதில் என்ன தவறு, பிறகு அதே பேச்சை எப்படித் திருத்திப் பேசினார்கள், இந்த இரண்டையும் வைத்துத்தான் மதிப்பெண். உங்கள் பெயரில் திருத்தமே இல்லை, அதனால் முன்னேற்றமும் இல்லை என்றார். மூச்சுப் பிடித்துக் கேட்ட கோவிந்தப்பனுக்குக் கடைசியில் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். தப்பு இருந்தால்தான் மார்க். சனிக்கிழமை நாலு மணிக்கு ஆப்பை மூடிவிடுவோம், அதற்குள் திருத்திப் பேசிய பேச்சு ஒன்றாவது உங்கள் பெயரில் இருக்க வேண்டும் சார் என்று சொல்லியனுப்பினார் நிர்மலா மேடம்.

காலமெல்லாம் 'தப்பே கூடாது' என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்று வேலை பார்த்த ஆளிடம் போய், தப்பு இருந்தால்தான் மார்க் என்றால் மண்டை காயாமல் என்ன செய்யும்? வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அருணா ரோஜா வளர்க்கிற கிரீன் ஹவுஸில் பூ தரம் பிரிக்கப் போகிறவள், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. "அப்ப தப்பாத்தான் பேசித் தொலையேன். அது உனுக்குக் கஷ்டமா?"

கஷ்டமாகத்தான் இருந்தது. தெரிந்தே தப்பாகப் பேசுவதற்குச் சரி எதுவென்று தெரிந்திருக்க வேண்டுமே! குளியலறைக்குள் வெகுநேரம் யோசித்துவிட்டு, தன் அப்பாவுக்குப் பத்து வயது என்றும், கம்பெனி கடலுக்குள் இருக்கிறது என்றும், நாளைக்குக் காலையில் நேற்று வருவேன் என்றும் ஒரே மூச்சில் பேசி அனுப்பினார். இதற்குமேல் தப்பு அவர் கைவசம் இல்லை. சாயங்காலம் பார்த்தால் மோகன்குமார் ஒரு கட்டைவிரல், அனுப்ரியா ஒரு கும்பிட்ட கை, சுசித்ரா "சூப்பர் அண்ணா". கோவிந்தப்பனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

அப்போதுதான் மற்றவர்கள் பேச்சைத் திறந்து பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. மோகன்குமாருடையதைத் திறந்தார். அம்மை போட்டதுபோல மேலெல்லாம் சிவப்புப் புள்ளி. அதில் முக்கால்வாசி அனுப்ரியா வைத்தது. அவள் பேச்சிலும் சிவப்பு இருந்தது, சுசித்ரா பேச்சிலும் இருந்தது. தன் பேச்சு மட்டும் பளிச்சென்று கிடந்தது. "செவப்பா இருக்கறவன் பாஸு, சுத்தமா இருக்கறவன் பெயிலு. இன்னாடா கணக்கு இது?" என்று கூடத்தில் நின்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

கணக்கு புரியாத இடத்தில் சந்தேகம் நுழைந்தது. மூன்று பேரும் கூடிப் பேசிக்கொண்டு தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்களோ? மோகன்குமாருக்குப் பட்டம் வரட்டும் என்று அந்தப் பெண் அவனுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறதோ? காய்ச்சல் வந்தபோது இவளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்து அனுப்பியது நான்தானே? இப்படி அடுக்கிக்கொண்டே போனார். கான்டீனில் தனியே போய் உட்கார்ந்தார். யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, எந்தப் பாஷையிலும். அதற்காகச் சோதனை மேசையில் வஞ்சம் தீர்த்தார் என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல சாமானைச் சிவப்பில் போடுகிற புத்தி அவருக்குச் செத்தாலும் வராது. ஆனால் கெட்ட சாமான் பெட்டிக்குள் விழுகிற 'டங்' மட்டும் அந்த வாரம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. லைனில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு என்ன கோபம் என்று யாருக்கும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கை கழுவுகிற இடத்தில் அனுப்ரியா தனியாக நின்றிருந்தாள். கோவிந்தப்பன் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு, அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, எல்லாருக்கும் செவப்பு வெக்கற. எனுக்கு மட்டும் ஏன் வெக்கல? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

அவள் பயந்துபோய்விட்டாள். ஆனாலும் சொன்னாள். "வெச்சேண்ணா. மொதல்ல எல்லாத்துக்கும் வெச்சேன். நீங்கதான் தூக்கிப் போட்டுட்டீங்க."

"செவப்புன்னா தூக்கிப் போடாம?"

"அதத் தொட்டா நான் பேசினது கேக்கும்ணா. எந்த எடத்துல எப்பிடிச் சொல்லணும்னு ஒங்களுக்காகத் தனியா பேசி வெச்சிருந்தேன். நீங்க ஒண்ணுகூடக் கேக்கல. இவ யாரு எனுக்குச் சொல்றதுக்குன்னு கோவம்போலன்னு நெனச்சிட்டோம். அதான் மூணு பேரும் நிறுத்திட்டோம்."

தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிக்கு உள்ளே ஒரு குரல் இருந்திருக்கிறது! இந்தப் பெண் வேலை முடித்துக் களைத்துப்போய், ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து தனக்காகப் பேசியதையெல்லாம், கேட்காமலே ஒவ்வொன்றாகக் காயலானுக்குப் போட்டிருக்கிறார். நினைக்க நினைக்க அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்கள் கும்பிட்டதைப் பாராட்டு என்று நினைத்தோமே, பயந்து கும்பிட்டிருக்கிறார்களே என்பது இன்னும் சுட்டது. ஆனால் அவருக்குள் இருக்கும் சோதனை மேசைக்காரர் அவ்வளவு சீக்கிரம் விடுவாரா? வேறொரு கேள்வி கேட்டார்.

"செரி. திருத்திப் பேசிட்டா, அந்த மொதல் தப்பு அழிஞ்சிடுமில்ல?"

"அழியாதுண்ணா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். என்னோடதுகூட இருக்குது, பாருங்க."

"எல்லாரும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

அவர் குழாயை மூடினார். தப்பு என்றால் பூட்டின பெட்டிக்குள் கிடக்க வேண்டும், கண்ணில் படக் கூடாது. இதுதான் அவருக்குத் தெரிந்த சுத்தம். தப்பை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு, பக்கத்தில் சரியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன மாதிரி வேலை என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. நாளைக்கு ஒன்று பேசி அனுப்புகிறேன், சிவப்பு வை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அருணாவிடம் நடந்ததைச் சொல்லி, ஊரே கேட்குமாம், மானம் போகுமே என்றார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீ தப்பாப் பேசறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் மாமா. தெரியாதது உனுக்கு மட்டுந்தான்."

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும், உடை மாற்றுகிற அறையின் மூலையில் நின்று, நேற்று லைனில் நடந்தது என்ற தலைப்பில் பேசி அனுப்பினார். "எஸ்டர்டே த மெஷின் ஸ்டாப். நோ ஆயில். ஐ கால் மெயின்டனன்ஸ். தே கம் லேட்." தினமும் காலையில் பிளான்ட் ஹெட் முன்னால் சொல்ல வேண்டிய விஷயமும் இதே மாதிரிதான். இதை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் போதும், பட்டம் தன்னுடையது என்பது அவருக்குத் தெரியும். அனுப்பிவிட்டு ஓடிப்போய் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். வழக்கம்போல நடுவில் ஜன்னலோரம். அவருக்கு நேர்முன் இருக்கையில் அனுப்ரியாவும் சுசித்ராவும். பின்னால் மோகன்குமார், அவனைச் சுற்றி லைன் பையன்கள். இவர் ஏறினதும் பேச்சு கொஞ்சம் தணிந்தது. இந்த ஒரு வாரமாக அப்படித்தான்.

ராயக்கோட்டை ரோடு முக்கில் லாரிகள் மறித்துக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. ஓசூரில் அந்த நேரத்துக்கு அது சகஜம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையை வெளியே தொங்கப் போட்டார். மூன்று மணி தாண்டிவிட்டது. இப்படியே நின்றால் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு அடித்துவிடும். கோவிந்தப்பன் நெளிந்தார். வீடு, குளியலறை, கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கேட்பது என்று அவர் போட்ட திட்டமெல்லாம் அந்த லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

கைப்பேசி அதிர்ந்தது. பார்த்தார். சிவப்பு. மூன்று இடத்தில். முன் இருக்கையில் அதுவரை குனிந்து கைப்பேசியில் முணுமுணுத்துக்கொண்டிருந்த அனுப்ரியா அதைப் பைக்குள் வைத்துக்கொள்வது தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய கட்டைவிரல் தானாகக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு மேலே போய் நின்றது. காதில் மாட்டிக்கொள்கிற வயர் அவரிடம் கிடையாது, அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று வாங்கவே இல்லை. பக்கத்தில் யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பார்கள். கீழே இறங்கி ரோட்டோரம் நின்று கேட்கலாம். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டால்? மோகன்குமார் பின்னாலிருந்து எழுந்து நின்று, லாரி நகர்கிறதா என்று பார்ப்பதுபோல இவரையும் ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கும் நாலு மணிக் கெடு தெரியும். கோவிந்தப்பன் அவனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு விரலை நகர்த்திச் சிவப்புப் புள்ளியின் மேல் வைத்தார்.

இன்ஜின் ஓடாத பஸ்ஸில் அனுப்ரியாவின் குரல் எல்லா இருக்கைக்கும் கேட்டது. "அண்ணா, நேத்து நடந்ததச் சொல்றீங்க இல்ல, அதனால மெஷின் ஸ்டாப்புன்னு விடக் கூடாது. மெஷின் ஸ்டாப்டுன்னு முடிக்கணும். மத்தபடி நீங்க சொல்ற விஷயம் நல்லாப் புரியுதுண்ணா." முன் இருக்கையில் அந்தப் பெண் தன் குரலைத் தானே கேட்டு, சுசித்ராவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். கோவிந்தப்பனுக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. மீதி இரண்டு புள்ளிகளையும் தொட்டுக் கேட்டார். "கால் இல்லண்ணா, கால்டு." "கம் இல்லண்ணா, கேம்." நடுவில் நிறுத்தவில்லை. இதில் என்ன வெட்கம், என்ன பெருமை, எது எங்கே முடிகிறது என்று அவருக்கு ஒன்றும் புரியாமல்தான் கேட்டார்.

கேட்டு முடித்ததும் பதிவுப் பொத்தானை அழுத்திக் கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்தார். ஒடிசாப் பையன் ஒருவன் எழுந்து நின்றே பார்த்தான்.

"எஸ்டர்டே த மெஷின் ஸ்டாப்டு," என்றார். சரியாக வந்துவிட்டது. யாரோ மெதுவாக "ஆங்" என்றார்கள். "நோ ஆயில். ஐ கால்டு மெயின்டனன்ஸ்." அதுவும் வந்துவிட்டது. "தே…"

அடுத்த சொல் வரவில்லை. இப்போதுதான் கேட்டது, நாக்கு நுனியில்தான் இருந்தது, ஆனால் வரவில்லை. வினாடிகள் ஓடுவது திரையில் தெரிந்தது. கோவிந்தப்பன் பதிவை நிறுத்தவில்லை. இடது கையில் கைப்பேசியைப் பிடித்தபடியே, வலது கையை முன் இருக்கைப் பக்கம் நீட்டி, அத்தனை பேரும் பார்க்க, உள்ளங்கையை அனுப்ரியாவுக்கு முன்னால் விரித்துவைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்.